வெளிநாட்டில் அட்டை மறுக்கப்பட்டால், மறுத்தது யார் என்பதை எப்படிக் கண்டறிவது?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வெளிநாட்டில் தங்கியிருந்தபோது, கணக்கில் போதிய பணம் இருந்தும் என் டெபிட் கார்டை விடுதியின் கருவி ஏற்கவில்லை. அருகில் இருந்த ஏடிஎம்மும் பரிவர்த்தனையை நிறைவேற்ற இயலவில்லை என்ற ஒரே வரியைக் காட்டிவிட்டு அட்டையைத் திருப்பித் தந்துவிட்டது. வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே வங்கியின் செயலியில் இயக்கி வைத்திருந்தேன். வங்கியின் உதவி எண்ணை அழைத்துக் கேட்டால், விடுதியில் நடந்த முயற்சி தங்கள் கணினிக்கு வந்து சேரவே இல்லை என்கிறார்கள். ஏடிஎம் முயற்சி மட்டும் வந்ததாகவும் அதைத் தாங்கள் மறுத்ததாகவும் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் தெளிவான விடை இல்லை.

என்னிடம் இருந்த ரொக்கத்தைக் கொண்டு அன்றைய செலவைச் சமாளித்துவிட்டேன். ஆனால் வயதான பெற்றோருடனோ சிறு குழந்தைகளுடனோ செல்பவர் ஒருவர் இரவு நேரத்தில் இந்த நிலைக்கு ஆளானால் என்ன செய்வார் என்ற கவலை எனக்கு நீங்கவில்லை. ஒரே அட்டை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக மறுக்கப்படுவது ஏன், அதை அந்த இடத்திலேயே எப்படிப் புரிந்துகொள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மின்சுவடு எழுதியது:

நெடுவழி அவர்களுக்கு, அட்டைப் பரிவர்த்தனைகளைக் கையாளும் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வங்கி உங்களுக்குத் தந்த விடையிலேயே பாதித் தெளிவு இருக்கிறது. அந்த இரண்டு மறுப்புகளும் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை.

கடையில் அட்டையைச் செருகியதும், கருவியிலிருந்து புறப்படும் கோரிக்கை முதலில் அந்தக் கடைக்காரரின் வங்கிக்கோ அதன் சார்பில் செயல்படும் நிறுவனத்துக்கோ போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கும், அதன்பின் அட்டை வழங்கிய வங்கிக்கும் சென்று, விடை அதே வழியாகத் திரும்புகிறது. இவை அனைத்தும் சில நொடிகளுக்குள் நடந்து முடிவதால், நடுவே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரிவதில்லை. இவர்களில் எவர் வேண்டுமானாலும் மறுக்கலாம். கருவியின் திரையிலோ எல்லா மறுப்புக்கும் ஒரே சொல்தான் தோன்றும். கோரிக்கை உங்கள் வங்கியை எட்டவில்லை என்றால், விடுதியின் கருவி உங்கள் அட்டை சார்ந்த வலையமைப்பை ஏற்காததாக இருக்கலாம், அல்லது இடையில் தொடர்பு அறுந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், அதற்காக உங்கள் வங்கியுடன் வாதாடுவதில் பயனில்லை. வேறு வலையமைப்பைச் சேர்ந்த அட்டையை நீட்டுவதே அங்கே தீர்வு.

இடைவழியே முறிந்துபோன பெரிய நிகழ்வும் உண்டு. 2018 ஜூன் 1 அன்று ஐரோப்பாவில் விசாவின் தரவு மையம் ஒன்றில் ஒரு சுவிட்ச் (கணினிகளுக்கிடையே தரவைக் கடத்தும் கருவி) முழுமையாகச் செயலிழக்காமல் அரைகுறையாகப் பழுதானது. முழுமையாக நின்றிருந்தால் மாற்று மையம் உடனே பொறுப்பேற்றிருக்கும். அரைகுறைப் பழுது அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தியது. ஏறத்தாழ 52 லட்சம் பரிவர்த்தனைகள் அன்று தோல்வியடைந்தன. அந்த மக்களின் கணக்கில் பணம் இருந்தது, வங்கிகளும் இயங்கின, நடுப்பாதை மட்டும் அடைபட்டிருந்தது. ஆகையால், வேறு வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை வைத்திருந்தாலும், இரண்டும் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்றால் அவற்றை இரண்டு அட்டைகளாகக் கணக்கிட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஏடிஎம் மறுப்புக்கு வருகிறேன். அட்டைச் செய்திகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8583, ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறியீட்டை வைத்திருக்கிறது. கணக்கில் பணம் போதவில்லை என்றால் 51. பின் எண் தவறு என்றால் 55. தவறான பின் எண்ணை அனுமதித்த அளவுக்கு மேல் இட்டுவிட்டால் 75. கேட்ட தொகை வரம்பைத் தாண்டினால் 61. இந்த அட்டைக்கு இவ்வகைப் பரிவர்த்தனை அனுமதிக்கப்படவில்லை என்றால் 57. அட்டை வழங்கிய வங்கியை எட்ட முடியவில்லை என்றால் 91. காரணம் எதையும் வெளியிடாத பொது மறுப்புக்கு 05. மோசடித் தடுப்பு மென்பொருளுக்கு ஐயம் ஏற்பட்டால் பெரும்பாலும் இந்த எண்தான் வரும். சில கருவிகள் இந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் அச்சிடுகின்றன. அச்சிடாத இடத்தில், உதவி எண்ணில் பேசுபவரிடம் "ஏன் மறுத்தீர்கள்" என்று கேட்பதை விட, "மறுப்புக் குறியீடு என்ன" என்று கேளுங்கள். அவர் திரையில் அது இருக்கும்.

குறியீடு தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். 91 என்றால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 61 என்றால் தொகையைக் குறைக்க வேண்டும். 05 வந்தபின் அதே கருவியில் அதே அட்டையைத் திரும்பத் திரும்பச் செருகுவது மென்பொருளின் ஐயத்தை வளர்க்கவே செய்யும். வங்கியை அழைத்து, முயன்றது நான்தான் என்று உறுதிப்படுத்துவது ஒன்றே வழி.

தெளிநீர் எழுதியது:

மின்சுவடு அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. பின் எண் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். பன்னாட்டுத் தரம் 4 முதல் 12 இலக்கம் வரை பின் எண்ணை அனுமதித்தாலும், 4 இலக்கத்துக்கு மேல் ஏற்காத கருவிகள் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் பின் எண் 6 இலக்கமாக இருந்து, அதை மாற்ற வங்கி அனுமதிக்குமானால், புறப்படும் முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. எழுத்துகளைக் கொண்டு பின் எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் எண்களாகவும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்; எல்லா நாட்டுக் கருவிகளின் பொத்தான்களிலும் எழுத்துகள் இருப்பதில்லை.

மின்சுவடு எழுதியது:

மிகவும் சரி. அதனோடு தொடர்புடைய இன்னொன்றும் உண்டு. பின் எண் சரிதானா என்று பார்க்கும் வேலையை ஏடிஎம்மில் வங்கியின் கணினி செய்கிறது. ஆனால் சில நாடுகளின் கடைக் கருவிகள் அந்தச் சோதனையை அட்டையில் உள்ள சிப்பிடமே விட்டுவிடுகின்றன. நீங்கள் செயலியிலோ இணையத்திலோ பின் எண்ணை மாற்றியிருந்தால், வங்கியின் கணினிக்குப் புதிய எண் தெரியும், சிப்புக்குப் பழைய எண்தான் தெரியும். அதனால் ஏடிஎம்மில் வேலை செய்யும் எண் கடையில் தவறாகிவிடும். சரியான எண்ணைத்தானே இடுகிறோம் என்று மீண்டும் மீண்டும் முயன்றால் சிப் பூட்டிக்கொள்ளும். பின் எண்ணை மாற்றியபின், சிப்பைப் புதுப்பிக்கும் வசதியுள்ள தங்கள் வங்கியின் ஏடிஎம்மில் ஒருமுறை அட்டையைச் செருகிப் பயன்படுத்திவிட்டுப் புறப்பட வேண்டும்.

பின் எண் இல்லாமல் கையெழுத்தை நம்பியிருக்கும் கடன் அட்டைகளுக்கு வேறு வகைத் தொல்லை. ஆள் இருக்கும் கடையில் அவை செல்லும். ஆளில்லாத ரயில் சீட்டுக் கருவியிலும் எரிபொருள் நிலையத்திலும் கையெழுத்தை வாங்க யாரும் இல்லாததால் மறுக்கப்படலாம். சிப் இல்லாமல் காந்தப்பட்டையை மட்டும் நம்பும் அட்டைகளுக்கு இனி எதிர்காலமே இல்லை. 2024 முதல் பெரும்பாலான நாடுகளில் புதிய அட்டைகளுக்குக் காந்தப்பட்டை கட்டாயமில்லை என்றும், 2033க்குள் தன் அட்டைகளிலிருந்து அதை முற்றிலும் நீக்கிவிடுவதாகவும் மாஸ்டர்கார்டு 2021இலேயே அறிவித்துவிட்டது.

கலங்கரை எழுதியது:

இவ்விழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மறுக்கப்பட்ட அட்டை நம்மை அலைக்கழிக்கிறது என்றால், ஏற்கப்பட்ட அட்டை நமக்குத் தெரியாமலேயே பணத்தை இழக்க வைக்கிறது. கடைக் கருவியிலோ ஏடிஎம்மிலோ, "உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்த விரும்புகிறீர்களா, உள்ளூர் நாணயத்தில் செலுத்த விரும்புகிறீர்களா" என்ற கேள்வி வரும். தெரிந்த நாணயத்தில் தொகையைப் பார்ப்பது மனத்துக்கு நிம்மதியாக இருப்பதால், பலரும் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தால் நாணய மாற்று விகிதத்தை முடிவு செய்பவர் நம் வங்கியோ விசாவோ மாஸ்டர்கார்டோ அல்லர். அந்தக் கருவியை இயக்கும் நிறுவனம். அவர்கள் சேர்க்கும் கூடுதல் விகிதம் சில இடங்களில் 3 விழுக்காடு, வேறு சில ஏடிஎம்களில் 10 விழுக்காட்டையும் தாண்டும். 500 யூரோ எடுக்கும் ஒருவர் 8 விழுக்காடு கூடுதல் விகிதத்தை ஒப்புக்கொண்டால், ஒரு பொத்தானை அழுத்தியதற்காக 40 யூரோ இழக்கிறார். அதற்கு மேலும், பரிவர்த்தனை வெளிநாட்டில் நடந்தது என்பதற்காக அவருடைய சொந்த வங்கி தன் கட்டணத்தைத் தனியாகப் பிடிக்கக்கூடும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ஏடிஎம் திரைகளில் உள்ள சொல்லாட்சி. "மாற்று விகிதத்தை ஏற்கிறேன்" என்பது பச்சை நிறத்திலும் "மறுக்கிறேன்" என்பது சிவப்பு நிறத்திலும் இருக்கும்போது, மறுத்தால் பணமே வராதோ என்று களைத்துப்போன பயணி அஞ்சுகிறார். அந்த அச்சம் தேவையற்றது. மறுப்பது மாற்று விகிதத்தை மட்டுமே. பணம் உள்ளூர் நாணயத்தில் வழக்கம்போல் வெளியே வரும், கணக்கில் பிடிக்கும் தொகையை வலையமைப்பின் அன்றைய விகிதத்தில் நம் வங்கி கணக்கிட்டுக்கொள்ளும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தங்கள் விகிதங்களை அன்றாடம் இணையத்தளத்தில் வெளியிடுவதால், யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே 2019இல் ஒரு விதியை இயற்றியது. 2020 ஏப்ரல் முதல், இவ்வகை நாணய மாற்றை முன்வைப்பவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தை விட எத்தனை விழுக்காடு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பதைப் பணம் செலுத்தும் முன்பே காட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் திரையின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் விழுக்காட்டை, பின்னால் வரிசை நிற்கும்போது எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள்? இந்த ஒரு கேள்விக்கு எந்த நாட்டிலும் விடை ஒன்றே என்று எல்லோரிடமும் சொல்லி வைப்போம்: உள்ளூர் நாணயம்.

மலையேற்றம் எழுதியது:

மூத்தவர்கள் இருவரும் அட்டையைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கையில் ரொக்கம் இருந்தால் இவற்றில் எந்தத் தொல்லையும் இல்லை. 2015 ஜூன் இறுதியில் கிரேக்கத்தில் வங்கிகள் மூடப்பட்டபோது, உள்நாட்டு அட்டைகளுக்கு நாளொன்றுக்கு 60 யூரோ என்று வரம்பு விதித்தார்கள். வெளிநாட்டு அட்டைகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று அறிவித்தார்கள். ஆனால் பல ஏடிஎம்களில் பணமே தீர்ந்துபோன பிறகு அந்த விலக்கால் என்ன பயன்? 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் தங்கள் செயல்பாட்டை நிறுத்தியபோது, வெளிநாட்டில் வழங்கப்பட்ட அவர்களின் அட்டைகள் அங்கே சில நாள்களுக்குள் பயனற்றுப் போயின. ஈரானிலும் வெளிநாட்டு வங்கிகளின் இத்தகைய அட்டைகள் செல்வதில்லை. இத்தகைய இடங்களில் ரொக்கம் ஒன்றே துணை.

கலங்கரை எழுதியது:

மலையேற்றம் அவர்கள் காட்டும் நிகழ்வுகள் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொண்டுசெல்பவர் அதைத் தொலைத்தால் திரும்பப் பெற வழியே இல்லை, அட்டை தொலைந்தால் முடக்கிவிடலாம். ரொக்கத்தையே வாங்காத இடங்களும் பெருகிவருகின்றன. சுவீடனில் ரொக்கம் ஏற்பதில்லை என்று பலகை வைத்திருக்கும் கடைகள் சாதாரணம். சீனாவிலோ அட்டைக்கும் இடமின்றி, அன்றாடச் செலவு பெரும்பாலும் கைப்பேசியில் அலிபே, வீசாட் பே என்னும் பணச் செயலிகள் வழியாகவே நடக்கிறது. 2023இல் அவை இரண்டும் வெளிநாட்டு அட்டைகளை இணைக்கும் வசதியை விரிவாகத் திறந்துவிட்ட பிறகுதான் வெளியிலிருந்து செல்பவர்களுக்கு நிலைமை எளிதானது.

ரொக்கம் கொண்டுசெல்வதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. டாலர் தாள்கள் கிழிந்தோ எழுதப்பட்டோ மடிப்பில் தேய்ந்தோ இருந்தால் பல நாடுகளில் மாற்ற மறுப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் 2006க்கு முன் அச்சான டாலர் தாள்களை நாணய மாற்றுநர்கள் பலர் ஏற்பதில்லை. சிறிய மதிப்புள்ள தாள்களுக்கு 100 டாலர் தாளை விடக் குறைந்த விகிதம் தரும் வழக்கமும் பரவலாக உள்ளது. "தரகு இல்லை" என்று எழுதியிருக்கும் நாணய மாற்று நிலையத்தில் வாங்கும் விகிதத்துக்கும் விற்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தரகு அதற்குள்தான் இருக்கிறது. ஓரிரு நாள் செலவுக்கும் ஓர் இரவுத் தங்கலுக்கும் போதுமான ரொக்கத்தைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றதை அட்டையில் நடத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நெடுவழி எழுதியது:

உங்கள் அனைவரின் விளக்கத்துக்கும் நன்றி. மின்சுவடு அவர்கள் சொன்னபடி வங்கியை மீண்டும் அழைத்து மறுப்புக் குறியீட்டைக் கேட்டேன். 61 என்றார்கள். வெளிநாட்டு ஏடிஎம்முக்கென்று வங்கி தனியாக வைத்திருந்த அன்றாட வரம்புக்கு உட்பட்ட தொகையைத்தான் நான் கேட்டிருந்தேன். ஆனால் அந்த ஏடிஎம்மை இயக்கும் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து ஒரே தொகையாகக் கோரிக்கை அனுப்பியதால் வரம்பு தாண்டிவிட்டதாம். இந்தச் செய்தியை முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தால், தொகையைக் குறைத்து அன்றே எடுத்திருப்பேன். வாடிக்கையாளருக்கு இவ்வளவு எளிய விடையைத் தர ஏன் இரண்டு அழைப்புகள் தேவைப்படுகின்றன என்பதை வங்கிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெளிநீர் எழுதியது:

விடுதிகளைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். விடுதியும் வாடகைக் கார் நிறுவனமும் முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைக்கும். கடன் அட்டையாக இருந்தால் அந்த அளவுக்குக் கடன் வரம்பு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டாக இருந்தால் கணக்கில் உள்ள சொந்தப் பணமே முடங்கிவிடும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள்கள் ஆகலாம், சில வேளைகளில் வாரங்களும் ஆகலாம். ஆளில்லாத எரிபொருள் நிலையங்களிலும் இப்படித்தான்: குறைந்த அளவே நிரப்பினாலும் முதலில் ஒரு பெரிய தொகையை நிறுத்திவைத்துவிட்டு, பிறகு உண்மைத் தொகையைக் கணக்கிடுவார்கள். கணக்கில் பணம் இருந்தும் 51 என்ற குறியீடு வந்தால், இப்படி முடங்கிய தொகை ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வாடகைக் கார் நிறுவனங்கள் ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கடன் அட்டையைத்தான் கேட்கும்; கணவர் பெயரில் அட்டையும் மனைவி பெயரில் முன்பதிவும் இருந்தால் வண்டியைத் தர மறுக்கலாம்.

வெண்தாள் எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். இணையத்தில் ரயில் சீட்டு வாங்கும்போது ஓடிபி என் சொந்த நாட்டு எண்ணுக்கு வருகிறது. வெளிநாட்டில் உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொண்டால் அது கிடைப்பதில்லை. இதற்கு என்ன வழி? மற்றொன்று, என் உறவினர் ஒருவருக்கு ஏடிஎம் பணத்தைத் தராமலேயே கணக்கில் தொகை பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாட்டு வங்கியில் முறையிட்டால், தங்களால் எதுவும் செய்ய இயலாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

மின்சுவடு எழுதியது:

வெண்தாள் அவர்களுக்கு, முதல் ஐயத்துக்கு விடை எளியது. இரண்டு எண்களை ஏற்கும் கைப்பேசியில் சொந்த எண்ணை ரோமிங்குடன் இயங்கவிட்டு, இணையத்துக்கு மட்டும் உள்ளூர் சிம்மையோ இ-சிம்மையோ பயன்படுத்தலாம். உங்கள் வங்கி ஓடிபிக்குப் பதிலாகத் தன் செயலியிலேயே ஒப்புதல் தரும் முறையை வைத்திருந்தால், புறப்படும் முன் அதற்கு மாறிவிடுங்கள். அதற்கு இணையத் தொடர்பு மட்டும் போதும். புதிய கைப்பேசியில் வெளிநாட்டிலிருந்து அந்தச் செயலியைப் பதிவு செய்ய முயன்றால், அதற்கும் சொந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டியிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐயம் பெரிது. அந்த நாட்டு வங்கி உங்கள் உறவினரைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், அவர் அவர்களுடைய வாடிக்கையாளர் அல்லர் என்பதே. முறையீடு எப்போதும் அட்டை வழங்கிய சொந்த வங்கியில்தான் தொடங்க வேண்டும். அது வலையமைப்பின் வழியாக ஏடிஎம்மின் உரிமையாளருக்குச் செல்லும். கருவியில் எஞ்சிய பணத்தை எண்ணிச் சரிபார்க்கும்போது கணக்கு மிகுதியாக இருந்தால், தொகை திரும்பும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் கால வரம்பு உண்டு. அந்த வரம்பு வங்கிகளுக்கிடையே ஆனது என்பதால், வாடிக்கையாளர் முடிந்தவரை விரைவில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏடிஎம்மின் எண், இடம், தேதி, உள்ளூர் நேரம், கேட்ட தொகை ஆகியவற்றை அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். துண்டுச்சீட்டு வராவிட்டால் திரையையும் கருவியின் முகப்பில் ஒட்டியுள்ள எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளலாம். வெளியே வந்த பணத்தைக் குறிப்பிட்ட நொடிகளுக்குள் எடுக்காவிட்டால், சில கருவிகள் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நிகழ்விலும் முறையீடு இதே வழிதான்.

கருவி அட்டையையே விழுங்கிவிட்டால், வங்கிக் கிளைக்குள் இருக்கும் ஏடிஎம் என்பதும் அலுவல் நேரம் என்பதும் மட்டுமே கைகொடுக்கும். வேறு வங்கியின் அட்டையைத் திருப்பித் தராமல் அழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உடனே முடக்கிவிட்டு, உங்கள் வங்கி வழியாகவோ விசா, மாஸ்டர்கார்டின் அவசர உதவி எண் வழியாகவோ மாற்று அட்டையோ அவசர ரொக்கமோ கேட்கலாம். வங்கி ஒப்புதல் தந்தால் அந்த ரொக்கத்தை வெளிநாட்டிலேயே பெற்றுக்கொள்ள முடியும். கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள்: கடையில் வாங்குவதற்கு உள்ள வட்டியில்லாத கால அவகாசம் அதற்குப் பொதுவாக இல்லை, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

வெண்தாள் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. உறவினரிடம் ஏடிஎம் இருந்த இடமும் நேரமும் குறித்த குறிப்பு இருக்கிறது. துண்டுச்சீட்டு மட்டும் இல்லை. நாளைக் காலையிலேயே அவருடைய வங்கிக்கு எழுத்தில் முறையீடு கொடுக்கச் சொல்கிறேன். விடை வந்ததும் இங்கே பதிகிறேன்.